ஒரு பருந்தின் பெயரைச் சரிபார்க்கக் காஞ்சிபுரம் போனது

இந்த ஏப்ரல் முதல் வாரம், 2008இல்தான், ஒரு சனி ஞாயிறு காஞ்சிபுரம் போய்வந்தேன். கோயில் பார்க்க இல்லை, பட்டுப்புடவை எடுக்கவும் இல்லை. அங்கே ஒரு பருந்தை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று விசாரிக்கப் போனேன். இதே மாதிரி வேலையாக மாவட்டங்களுக்குப் போகவிருக்கும் இரண்டு மூன்று பேர் விவரம் கேட்டு எழுதியதால் இந்தப் பதிவு. நேரமும் செலவும் அங்கங்கே போட்டிருக்கிறேன். கோபமும் அங்கங்கே வரும். அதற்காக மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

முதலில் காரணம். பறவைகளையும் செடிகொடிகளையும் படமெடுத்து ஏற்றும் ஓர் இணையதளத்தில் நான் தன்னார்வலன். நீங்கள் படத்தை ஏற்றினால் தளம் அதன் அறிவியல் பெயரையும், கூடவே நீங்கள் தேர்ந்தெடுத்த மொழியில் ஒரு பெயரையும் காட்டும். தமிழ் என்று அழுத்தினால் இன்னொரு கேள்வி வரும்: எந்த மாவட்டம்? நெல்லையில் ஒரு பெயர், தர்மபுரியில் ஒரு பெயர் என்றால் இரண்டும் இருக்கட்டுமே, நல்ல ஏற்பாடுதானே என்று நானும் நினைத்திருந்தேன்.

அப்போதுதான் எஸ்தரின் மின்னஞ்சல் என்னிடம் வந்தது. மாகறல் பக்கத்துக் காலனியைச் சேர்ந்தவர். விலங்கியல் இறுதியாண்டு, தமிழ்வழி. காஞ்சிபுரத்துக் குப்பைமேட்டில் பருந்துகள் என்ன தின்கின்றன என்பது அவருடைய புராஜெக்ட். புராஜெக்டில் வரும் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் எங்கள் தளத்தில் உள்ளபடிதான் இருக்க வேண்டும் என்று அவர் துறையில் சொல்லிவிட்டார்கள். தளத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் என்று அழுத்தினால் அந்தப் பருந்துக்கு வருகிற பெயரின் முதல் பாதி எஸ்தருடைய சாதியின் பெயர். அதுவும் மரியாதையாகச் சொல்லும் விதத்தில் இல்லை.

அந்தத் தமிழ்ச் சொல்லை இந்தப் பதிவில் எழுதப்போவதில்லை. எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் செம்பருந்துக்கு 'பிராமினி கைட்' என்று பெயர். குப்பைமேட்டிலும் கறிக்கடை வாசலிலும் சுற்றும் பழுப்புப் பருந்துக்கு 'பரையா கைட்'. ஆகாயத்தில் பறப்பவற்றுக்கும் வெள்ளைக்காரன் சாதி பிரித்துவிட்டுப் போயிருக்கிறான். யாரிடம் கேட்டுப் பிரித்திருப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதை யாரோ தமிழாக்கி எங்கள் தளத்தில் ஏற்ற, நாங்களும் வாயை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சனிக்கு அடுத்த செவ்வாய் எஸ்தருக்கு வைவா, வாய்மொழித் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் முன்னால், வகுப்பே உட்கார்ந்திருக்க, தலைப்பை வாய்விட்டுச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். தலைப்பிலேயே பருந்தின் பெயர் வருகிறது. இதைச் சொல்லி அவர் இரண்டு மாதமாக மூன்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். எங்கள் தமிழ்ப் பெயர்க் குழு மூன்று முறையும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போட்டிருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் நான் கிளம்புவதற்கு முந்தின வாரம்தான் என் பொறுப்புக்கு வந்தது.

ஒரு பெயர் எப்படித் தேர்வாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. மாவட்டத்தில் யாராவது ஒருவர் படத்தோடு ஒரு பெயரை ஏற்ற வேண்டும். அதே மாவட்டத்து இருவர் அதைப் பார்த்து 'ஆம்' என்று அழுத்த வேண்டும். பெயர் உறுதி. அதன் பிறகு ஏற்றியவரால் அழிக்க முடியாது, அழுத்தியவராலும் பின்வாங்க முடியாது. சரிபார்ப்பவனான எனக்கு ஒரே ஒரு அதிகாரம்தான் உண்டு. படத்தில் இருப்பது அந்தப் பறவையே இல்லை என்று தெரிந்தால் படத்தை நீக்கலாம். படம் போனால் பெயரும் அந்த நிமிடமே போய்விடும். பெயர் மோசமானது என்பதற்காக நீக்க வேண்டுமென்றால் காரணம் எழுதிக் குழுவின் வாக்கெடுப்புக்கு வைக்க வேண்டும். அதற்குப் பத்து நாள். செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் நடக்காது.

எனவே படத்தில் ஏதாவது ஓட்டை கிடைக்குமா என்று பார்க்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் தாம்பரத்தில் பேருந்து ஏறினேன். படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத்துக்கு ஒன்றரை மணி நேரம், பதினாறு ரூபாய். உட்கார இடம் வேண்டுமானால் பேருந்து நிலையத்திலேயே ஏறிவிடுங்கள். ஒரகடத்தில் இருபக்கமும் தொழிற்சாலைச் சுவர்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஏரிக்கரைப் பனைகளைச் சாய்த்துச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். பறவை பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் என் பக்கத்து இருக்கையில் இருந்த பையன் அந்தச் சுவர்களில் ஒன்றுக்குள் முதல் நாள் வேலைக்குப் போகிறான். சட்டையைக் கசங்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனிடம் பனைமரத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

வாலாஜாபாத் பேருந்து நிறுத்தத்தில் எஸ்தர் காத்திருந்தார். கழுத்தில் கல்லூரிக்குச் சொந்தமான பைனாகுலர். பட்டை அறுந்துபோய், அதற்குப் பதில் துப்பட்டா ஓரத்தைக் கிழித்துக் கட்டியிருந்தார். அவருடைய அண்ணன் டேனியல் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். காலை டிரிப்பை விட்டுவிட்டு எங்களுக்காக நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா சார், பருந்துக்குப் பேரு வைக்கிற ஐயரு நீங்கதானா?" என்றார். எஸ்தர் அவர் கையில் கிள்ளினார். நான் சிரித்தேன், ஆனால் அடி விழுந்த இடம் வலித்தது.

வாலாஜாபாத்தில் பார்க்க வேண்டியவர், 'ஆம்' என்று அழுத்திய இருவரில் ஒருவர். சுரேஷ் என்று வைத்துக்கொள்வோம். அரிசி ஆலைக்காரரின் மகன், முப்பது வயதிருக்கும். ஆலை முற்றத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தார். எதற்கு வந்திருக்கிறோம் என்று சொன்னதும் கொஞ்சம் குழம்பினார், பிறகு நினைவு வந்தது.

"அதுல ஏற்கெனவே அந்தப் பேருதான்பா இருந்துச்சு. கீழ 'ஆம்'னு ஒரு பட்டன். அமுக்குனேன்."

உங்கள் வீட்டில் அந்தப் பறவையை என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ஆலைக்கு மேலே இரண்டு சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணாந்து பார்த்தார்.

"பருந்துன்னுதான். வேற இன்னா சொல்லுவாங்க?"

எஸ்தர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அப்படியானால் ஏன் அழுத்தினீர்கள் அண்ணா என்று கேட்டார். நூறு 'ஆம்' அழுத்தினால் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடுகிறார்கள் என்றார் சுரேஷ். சொல்லும்போதே அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. இப்போதே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். போட இடமில்லை என்றேன். நாங்கள் கிளம்பும் வரை, "தெரியாம அமுக்கிட்டேன்மா" என்று எஸ்தரிடம் இரண்டு தடவை சொன்னார்.

இப்படித்தான் வட்டாரப் பெயர் உறுதியாகிறது. தளம் ஒருவரிடம் கேட்கிறது. அவர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறார். அடுத்தவர் தளத்தைப் பார்த்துச் சொல்கிறார். இந்த வட்டாரத்தில் வாய் திறந்து பேசுகிற ஒருவரும் இதில் வரவே இல்லை.

அங்கிருந்து பாலாற்றைத் தாண்டி மாகறல் பக்கம் போனோம், முக்கால் மணி நேரம். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் லாரிகள் வரிசையாக நின்றன. மாகறல் சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் பதினொரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், பகலில் நடை சாத்திவிடுகிறார்கள். லிங்கம் உடும்பின் வால் போன்ற வடிவம் என்பார்கள். உடும்பு சாமியாகலாம், அதில் யாருக்கும் சிக்கல் இல்லை.

மதியச் சாப்பாடு எஸ்தர் வீட்டில். கருவாட்டுக் குழம்பு. அம்மா ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை செய்கிறார், அன்று அவருக்கு இரவு ஷிப்ட். பரிமாறிக்கொண்டே என்னிடம் நேராகக் கேட்டார்: இந்தப் பெயர் மாறாவிட்டால் என் மகளுக்கு மார்க் போகுமா? எனக்குத் தெரியவில்லை என்றேன். தலைப்பை மாற்றிச் சொன்னால் பெயர்ப் பிழை என்று குறைக்கலாம், சொல்லவே மாட்டேன் என்றால் வைவாவையே ரத்து செய்யலாம் என்று வழிகாட்டி ஆசிரியர் எச்சரித்திருக்கிறார். அப்படி ஆனால் இந்த வருடம் பி.எட். சேர முடியாது. அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"நாங்க கேக்காத பேரா? காதுல வாங்காம போய்க்கினே இருக்கணும். ஒரு நிமிசம், சொல்லிட்டு எறங்கி வந்துடு."

"கேக்குறது வேறம்மா. என்னையே சொல்லச் சொல்றாங்க."



பிற்பகலில் ஆட்டோவிலேயே காஞ்சிபுரம். மாற்றுப் பெயர் என்னவெல்லாம் இருக்கிறது என்று வழியில் படித்துக் காட்டினேன். வெறும் 'பருந்து' என்று வைக்க முடியாது. அந்தச் சொல்லை மென்பொருள் மொத்தப் பருந்துக் குடும்பத்துக்கும் பொதுப்பெயராக எடுத்துக்கொண்டுவிட்டது, ஒரே சொல்லை இரண்டு இடத்தில் வைக்க விடாது. ஆகவே முன்னால் ஏதாவது ஒன்றை ஒட்டியே ஆக வேண்டும். வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவற்றில் 'கள்ளப்பருந்து' இருந்தது, 'ஊர்ப்பருந்து' இருந்தது. டேனியல் முன்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். முதல் பேரில் திருடனாக்கிவிட்டீர்கள், சரி, இரண்டாவது பேர் எப்படி என்றார். எஸ்தர் சொன்னார்: "நம்மள ஊர்ல சேர்க்கறதுக்கு முன்னாடியே பருந்த சேர்த்துக்கினாங்களா?" அண்ணனும் தங்கையும் சேர்ந்து சிரித்தார்கள். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று இருக்கும் கிராமத்தில் பிறந்தவர்களுக்குத்தான் அந்தச் சிரிப்பு வரும்.

மாலை குப்பைமேடு. சுற்றுலாக் குறிப்புகளில் இது வராது, ஆனால் பருந்து பார்க்க இதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் இல்லை. ஐந்து மணி வெயிலில் அவை ஒவ்வொன்றாக இறங்கின. எஸ்தர் நான்கு மாதம் தினம் வந்து உட்கார்ந்த கல்லைக் காட்டினார். பறக்கும்போது வாலைப் பாருங்கள், மீன்வால் மாதிரி பிளந்திருக்கும், அதுதான் அடையாளம் என்றார். குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களிடம் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். பருந்து. கறிக்கழிவு கொட்ட வந்த வண்டிக்காரரிடம் கேட்டேன். பருந்து. இரவு பேருந்து நிலையம் பக்கத்தில் லாட்ஜ், இருநூற்றைம்பது ரூபாய், மூட்டைப்பூச்சி இலவசம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திருப்பருத்திக்குன்றம் போனேன். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர், ஆட்டோ நாற்பது ரூபாய் கேட்டார்கள். 'ஆம்' அழுத்திய இரண்டாவது ஆள் இந்த ஊர்க்காரர், ஆனால் பெங்களூருக்குப் போய்விட்டாராம். வந்ததற்குச் சமணர் கோயிலைப் பார்த்தேன். விதானத்து ஓவியங்களை அவசரமில்லாமல் பாருங்கள். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் சொன்னால் திறந்துவிடுகிறார்கள். திறந்துவிட்டவரிடமும் பருந்தைக் காட்டிக் கேட்டேன். அவரும் அதே ஒரு சொல்லைத்தான் சொன்னார்.

ஒன்பதரைக்குச் சின்ன காஞ்சிபுரம். எஸ்தரும் டேனியலும் வந்து சேர்ந்தார்கள். படத்தையும் பெயரையும் முதலில் ஏற்றியவர் இங்கே கோயில் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். பெயரை ராகவன் என்று மாற்றி வைக்கிறேன். வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். பெரிய லென்ஸ் வைத்த கேமரா, வீட்டில் இணைய இணைப்பு, பறவைகள் மேல் உண்மையான ஆசை. எஸ்தரின் மின்னஞ்சல் தளத்தின் பொது மடற்குழுவில் பகிரப்பட்டபோது, பெயர் என்பது வெறும் பெயர், உணர்ச்சிவசப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தவரும் அவர்தான். முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்ததால் வாசலுக்கு வந்து வாங்கோ என்றார். எந்த ஊர், அப்பா என்ன பண்றார் என்று என்னிடம் கேட்டார். எதற்காகக் கேட்கிறார் என்று தெரியுமாதலால், அப்பா உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். மொட்டைமாடிக்கு வெளியே ஒரு படிக்கட்டு இருந்தது. நாங்கள் அதில் ஏறினோம். டேனியல் கீழே ஆட்டோவிலேயே இருந்துவிட்டார்.

ராகவன் கெட்டவர் என்று எழுதினால் எனக்குச் சுலபமாக இருக்கும். அப்படி இல்லை. எஸ்தரை உட்காரச் சொன்னார், குப்பைமேட்டு வேலையைப் பற்றிக் கவனமாகக் கேட்டார், நல்ல ஆய்வு என்றார். ஆனால் பெயரில் அசையவில்லை. பழைய புத்தகத்தில் இருப்பதைத் தமிழில் போட்டேன், நானாகக் கண்டுபிடிக்கவில்லை. அது சாதியைச் சொல்வதே இல்லை, தெருவில் கண்டதைத் தின்று திரிவதை அந்தக் காலத்தில் அப்படிச் சொல்வார்கள், அவ்வளவுதான் என்றார். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றார் எஸ்தர்.

அப்போது கோபுரப் பக்கமிருந்து ஒரு செம்பருந்து வந்தது. வெள்ளைக் கழுத்து, செங்கல் நிற இறக்கை. இந்தத் தெருக்களில் அது கருடன், பெருமாளின் வாகனம். ராகவன் பேச்சை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கீழே தெருவில் போன சைக்கிள்காரர் ஒரு காலை ஊன்றி நின்று அவரும் போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் இன்னொன்று வந்தது, முழுக்கப் பழுப்பு. பாதி வரை உயர்ந்த ராகவனின் கை கீழே இறங்கியது. "இது அது. இதேதான் போன வருஷம் எடுத்தேன், இதே மரத்துல," என்று பக்கத்துத் தென்னையைக் காட்டினார்.

பழுப்புப் பறவை தென்னையில் உட்கார்ந்து கழுத்தை நீட்டிக் கத்த ஆரம்பித்தது. விடாமல் கத்தியது. வெள்ளைக் கழுத்து ஒரு வட்டமடித்துக் குளத்துப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. காலில் ஒரு மீன். பழுப்பின் பக்கத்தில் மட்டையில் இறங்கி, மீனைக் கிழித்து, அதன் வாயில் ஊட்டியது.

எஸ்தர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்து ராகவனிடம் நீட்டினார். அவர் நீண்ட நேரம் பார்த்தார். ஊட்டி முடிந்து பழுப்பு பறந்தபோது வால் நன்றாகவே தெரிந்தது. பிளவு இல்லை, விசிறி போல உருண்டை.

"குஞ்சா?" என்றார்.

ஆமாம் என்றேன். செம்பருந்தின் குஞ்சு முதல் வருடம் இப்படித்தான் இருக்கும், வெள்ளையும் சிவப்பும் பிறகுதான் வரும். அவர் கீழே போய்க் கணினியில் தன் பழைய படத்தைத் திறந்தார். வீட்டுக்குள் நான் மட்டும் போனேன், எஸ்தர் மாடியிலேயே நின்றார். அதே தென்னை, அதே உருண்டை வால். தளத்தில் ஒரு வருடமாக அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருந்தது கருடன் குஞ்சு. இந்தத் தெருவில் எத்தனை பேர் எத்தனை வருடமாக அதற்குக் கையை இறக்கியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

ராகவன் என்னோடு மறுபடி மாடிக்கு ஏறி வந்தார். "உடனே எடுத்துடுங்கோ. இன்னிக்கே எடுத்துடுங்கோ. கருடனைப் போய் அந்தப் பேரால..." என்றவர் எஸ்தரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் மனதுக்குள் முடித்துக்கொண்டோம். ஒரு நிமிடத்துக்கு முன்புவரை வெறும் பெயராக இருந்தது, அவருடைய சாமியின் மேல் விழுந்ததும் அவமானமாகிவிட்டது. ஒரு பெண் இரண்டு மாதம் கெஞ்சியபோது உணர்ச்சிவசம். கருடனுக்கு என்றால் இன்றைக்கே.

கிளம்பும்போது எஸ்தரிடம் ஏதோ சொல்ல வந்தார். "படிப்பை விட்டுடாதேம்மா" என்று மட்டும் சொன்னார். எஸ்தர் தலையாட்டினார்.

காந்தி ரோட்டில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனோம், மணிக்கு இருபது ரூபாய். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், மறைக்க விரும்பவில்லை. தேடி வந்த ஓட்டை கிடைத்துவிட்டது. படம் வேறு பறவையுடையது, நீக்கு. ஒரே அழுத்தில் பெயர் போய்விடும், செவ்வாய்க்கிழமை எஸ்தர் கையை வீசிக்கொண்டு போகலாம். பக்கத்தைத் திறந்து, 'காரணம்: தவறான பறவை' என்று தட்டச்சு செய்தேன். எஸ்தர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத அனுப்பாதீங்க சார்."

ஏன் என்றேன்.

"அவரு சாமிக்காக எடுக்கறீங்க. நான் கேட்டதுக்காக எடுங்க."

நான் வாதாடினேன். காரணம் என்னவாக இருந்தால் என்ன, பெயர் போகிறதல்லவா என்றேன். உங்கள் காரணத்தைப் போட்டால் வாக்கெடுப்பு, பத்து நாள், அதற்குள் வைவா முடிந்துவிடும் என்றேன். பி.எட்., அம்மா, எல்லாவற்றையும் சொன்னேன். தெரியும் சார் என்றார். இன்றைக்குப் படம் தப்பு என்று எடுத்தால் நாளைக்கு இன்னொருவர் சரியான படத்தைப் போட்டு அதே பெயரை வைப்பார், அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டார். டேனியல் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அது சொன்னா சொன்னதுதான் சார், வீட்லயே நடக்காது" என்றார்.

தட்டச்சு செய்ததை அழித்தேன். எஸ்தர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'இது ஒரு சாதியின் பெயர். அந்தச் சாதியில் பிறந்த நான் இதை ஒரு பறவையின் பெயராகச் சொல்ல மறுக்கிறேன்.' கீழே அவர் பெயரும் ஊரும். வாக்கெடுப்புக்கு அனுப்பினோம். கருடன் குஞ்சின் படத்தை அதுவரை தொட வேண்டாம் என்றார்.

"பத்து நாளு அவங்களும் இருந்து பாக்கட்டும் அந்தப் பேரோட."

சரிபார்ப்பவன் தெரிந்தே தவறான படத்தைப் பத்து நாள் விட்டுவைக்கக் கூடாது. விட்டுவைத்தேன். அன்று மாலை தாம்பரம் திரும்பும் பேருந்தில் ராகவன் தொலைபேசியில் கூப்பிட்டு எடுத்தாயிற்றா என்றார். வாக்கெடுப்பில் இருக்கிறது என்றேன். மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இறங்கிக்கொண்டே வந்தது. மூன்றாவது நாள் அவராகவே கேட்டார்: அந்தப் பெண்ணுக்கு எத்தனை நாளாக இப்படி இருந்தது? இரண்டு மாதம் என்றேன். பிறகு, இல்லை சார், எனக்குச் சரியாகத் தெரியாது என்றேன்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை எஸ்தர் அன்று மாலை தொலைபேசியில் சொன்னார். தலைப்பைச் சொல்லும்போது பருந்து என்றே சொல்லியிருக்கிறார். தேர்வாளர் நிறுத்திவிட்டார். கையில் எங்கள் தளத்தின் அச்சுப் பிரதி. இதில் வேறு இருக்கிறதே, முழுப் பெயரைச் சரியாகச் சொல் என்று தாளை அவரிடம் நீட்டியிருக்கிறார். எஸ்தர் அதை வாங்கவில்லை.

"நீங்க ஒரு தடவ சத்தமா படிச்சுக் காட்டுங்க சார். அதே மாதிரி சொல்றேன்."

தேர்வாளர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணாடியைச் சரிசெய்தார். வாயைத் திறந்தார். மூன்று பெஞ்சு தள்ளி எஸ்தரின் காலனிப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களைப் பார்த்தார். வழிகாட்டி ஆசிரியரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்துவிட்டு, பருந்து என்றே சொல்லும்மா, மேலே போ என்றாராம். மார்க் எவ்வளவு என்று முடிவு வந்தால்தான் தெரியும். அம்மாவிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லையாம்.

வாக்கெடுப்பு நேற்று முடிந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் நீக்கச் சொன்னோம். எதிராக வாக்களித்த ஒருவர், வரலாற்றை அழிக்கிறோம் என்று எழுதியிருந்தார். அந்த வரலாற்றை எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்லும் வேலை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. இப்போது காஞ்சிபுரம் மாவட்டம் என்று அழுத்தினால் தமிழ்ப் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அது காலியாகவே கொஞ்ச நாள் இருக்கட்டும், அவசரமில்லை.

போகிறவர்களுக்கு: ஏப்ரலில் பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, காலையிலும் மாலையிலும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் வழி மலிவு, கோயம்பேடு வழி சீக்கிரம். ஆட்டோவுக்கு முன்கூட்டியே பேசிவிடுங்கள். இரண்டு நாளைக்கு எனக்கு எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது, டேனியல் டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டதால். படம் காட்டிப் பெயர் கேட்காதீர்கள், பறவையைக் காட்டிக் கேளுங்கள். கணினி வைத்திருப்பவரிடம் கடைசியாகப் போங்கள். ஒரு பெயர் கிடைத்ததும் உடனே ஏற்றிவிடாதீர்கள். அந்த ஊரின் எல்லாத் தெருவுக்கும், காலனிக்கும் போய் நின்று, அங்கே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்து, அந்தப் பெயரை உங்கள் வாயால் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எங்காவது ஒரு தெருவில் வாய் வராமல் போனால் அதை ஏற்ற வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.